அரை சதவீதம்

பதினேழாம் தட்டில் ஒரு தாய்.
லென்சுக்குக் கீழே வெறும் வட்டம்,
ஓரத்தில் கொப்புளம் போல ஒரு மகள்.
தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு பிரசவம்.
கண்ணாடி ஊசியின் முனையால் மகளைப் பிரித்து
அப்பால் தள்ளிவிட்டு
நோட்டில் ஒரு கோடு.
எத்தனை பெற்றபின் நிற்கிறாளோ
அதுதான் ஈஸ்ட்டின் வயது.

மன்னார்குடி, வைகாசி.
நள்ளிரவிலும் வெளியே முப்பத்தைந்து டிகிரி.
முப்பதில் நிற்க இன்குபேட்டருக்கு மூச்சு வாங்குகிறது.
பாமணியாற்றில் மணல், நாணல், ஒற்றைச் செருப்பு.
மேட்டூர் திறக்க நாள் இருக்கிறது;
போர்செட் உள்ளவர்கள் மட்டும்
நாற்று விட்டிருக்கிறார்கள்.

ஒரு தட்டில் இரண்டு சதவீதம் சர்க்கரை, கல்யாண வீடு.
இன்னொன்றில் அரை சதவீதம்.
அரையில் இருப்பவள் அதிகம் பெறுகிறாள்,
தாமதமாய் நிற்கிறாள்.
ஏன் என்று கேட்கத்தான் மூன்றாவது தட்டு:
முழுச் சர்க்கரை, கூடவே
நைட்ரிக் ஆக்சைடு கசியும் ஒரு மருந்து,
சிட்டிகையிலும் சிட்டிகை. கூடிப்போனால் நஞ்சு.
குறைவாய்த் தின்பவளின் உடம்பில் தானாய் ஊறும் வாயுவை
நிறையத் தின்பவளுக்கு வெளியிலிருந்து கொடுத்தால்
அவளும் நீடிப்பாளா?
வயிறு நிறைந்திருக்க, பசித்ததாய் ஒரு வதந்தி.

ராத்திரி ஷிப்டில் கூட்ட வருபவள் தையல்நாயகி.
என் வயதுதான் இருக்கும்.
ஊசி பிடிப்பவள் நான், பெயரில் தையல் அவளுக்கு.
துடைப்பத்தைச் சாத்திவிட்டு
ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள்.
"இதுக்குச் சாப்பாடு கம்மியா மேடம்?"
கால் பங்கு என்றேன்.
"அதனால கூட நாள் இருக்குதா?"
ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாக.
"அப்படின்னா எங்க தெருவுல
ஒரு ஆளும் செத்திருக்கக் கூடாதே."

விளக்கப் போனேன்.
குறைப்பது சர்க்கரையை மட்டும்;
உப்பு, விட்டமின், அமினோ அமிலம்
எல்லாம் அளந்து வைத்திருக்கிறோம்.
பட்டினி வேறு, இது வேறு.
"அளந்து வைக்க ஆள் இருக்குது அதுக்கு,"
என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள்.
பிறகு வாசலில் நின்று சொன்னாள்:
அவள் அக்கா அமிர்தவல்லி. முப்பத்திநாலு.
மூன்றாவது பிரசவம்.
ரத்தமே இல்லை என்றார்களாம் திருவாரூரில்.

அந்த வாரம்
எந்தத் தாய்க்கும் மூன்றாவது கோடு போடும்போது
கை ஒரு கணம் நின்றது.
புள்ளிவிவரத்தில் அதற்கு இடமில்லை.

வெள்ளி இரவு இரண்டு நாற்பதுக்கு மின்னல்.
காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிழித்து
ஆக்சிஜனோடு தைத்துவிடும் மின்னல்.
நான் மைக்ரோ அளவில் எடுத்து ஊற்றும் அதே வாயு
வடக்கே வயல்களுக்கு மேலே
யார் பட்டா என்று பாராமல்.
"இடிச்சுப் பெஞ்சா நாத்து கறுத்துரும்," என்றாள்
ஜன்னலடியில் நின்று.
அதற்கான வேதிச் சமன்பாடு எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, வாட்ச்மேன் போன் எடுக்கவில்லை.
மூடிகளில் வேர்வை கட்டியது.
ஒரு சொட்டு உருண்டு விழுந்தது
பதினேழாம் தட்டில்.
இருபத்தேழு பெற்றவள்
தன் கடைசி மகளோடு, ஓரத்து மகள்களோடு
மிதந்து கலந்துவிட்டாள்.
எது தாய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நோட்டில் இரண்டு பத்திகள்.
இறந்தவை. விடுபட்டவை.
விடுபட்டதைச் சாவுக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அது விதி.
தையல்நாயகி செல்போன் வெளிச்சம் பிடிக்க
இரண்டாம் பத்தியில் எழுதினேன்:
இருபத்தேழு, கூட்டல் குறி,
அப்புறம் ஒன்றுமில்லை.

"அப்ப, அது இன்னும் இருக்குதா?"
இருக்கலாம் என்றேன்.

ஜன்னல் வழியே மழை உள்ளே அடித்திருந்தது.
தரையைத் துடைத்தாள், ஸ்டூலைத் துடைத்தாள்.
மேசைக்கு வந்ததும்
தட்டின் பக்கம் போன கையை
இழுத்துக்கொண்டாள்.